டபுள் ஐபிஏவை ருசித்து மதிப்பிடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடக்கு கலிஃபோர்னியாவில், சாண்டா ரோசா ஊரிலிருந்து காரில் முக்கால் மணி நேரத் தொலைவில் இருக்கிறது என் வீடு. கராஜில் பீர் காய்ச்சுவது பல வருஷப் பழக்கம். எங்கள் வட்டாரத்தில் வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் நடத்தும் சின்னப் போட்டிகளில் மதிப்பெண் தாளோடு உட்காருவதும் உண்டு. ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள், இங்கே புதிதாக வேலைக்கு வந்த பையன்கள் எல்லோரும் டபுள் ஐபிஏ என்ற கசப்புப் பீர் வகையைப் பற்றிக் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான். திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய் எழுதிவைத்தேன். உதாரணத்துக்குப் பெரும்பாலும் ப்ளினி தி எல்டர் என்ற பீரையே எடுத்திருக்கிறேன். பக்கத்தில் கிடைக்கிறது, அதோடு இந்த வகைக்கே அதைத்தான் அளவுகோலாக வைத்துப் பேசுகிறார்கள்.

டபுள் ஐபிஏ என்கிறார்களே, எது இரண்டு மடங்கு?

கணக்காக எதுவும் இரண்டு மடங்கு இல்லை. சாதாரண ஐபிஏவைவிட ஹாப்ஸும் (பீருக்குக் கசப்பும் வாசமும் தரும் கொடியின் பூ) அதிகம், ஆல்கஹாலும் அதிகம், அவ்வளவுதான். பீர் நடுவர்களுக்குச் சான்றிதழ் தரும் பிஜேசிபி அமைப்பின் 2021 விதிப்படி ஆல்கஹால் 7.5 முதல் 10 சதவீதம், கசப்பு 60 முதல் 100 ஐபியு (கசப்பை அளக்கும் அலகு). இம்பீரியல் ஐபிஏ என்பதும் இதே சங்கதிதான்.

1994இல் கலிஃபோர்னியாவின் டெமெக்யூலா ஊரில் பிளைண்ட் பிக் என்ற சின்ன ஆலையை நடத்திக்கொண்டிருந்த வின்னி சிலுர்ஸோ, தன் ஐபிஏ செய்முறையில் ஹாப்ஸை இரட்டிப்பாக்கி, மால்ட்டை (முளைகட்டிக் காயவைத்த பார்லி) சுமார் 30 சதவீதம் கூட்டிக் காய்ச்சினார். வாங்கிப்போட்ட பழைய காய்ச்சும் சாமான்களால் பீரில் ஏதாவது குறை தலைகாட்டினால் ஹாப்ஸ் அதை மூடிவிடும் என்ற முன்ஜாக்கிரதை! குறை மறைக்கப் போட்ட தாளிப்பு தனி ஐட்டமாகிவிட்டது. பிறகு அவர் இப்போது சாண்டா ரோசாவில் இருக்கும் ரஷ்யன் ரிவர் ஆலைக்கு வந்து, ஹேவர்ட் ஊரில் நடந்த டபுள் ஐபிஏ விழாவுக்காக 2000இல் காய்ச்சியதுதான் ப்ளினி தி எல்டர். 8 சதவீதம். ஹாப்ஸ் என்று பலரும் கருதும் காட்டுக்கொடி ஒன்றைப் பற்றி எழுதிவைத்த ரோமானியர் ப்ளினியின் பெயர் அதற்கு. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது செத்துப்போனவர். அவருடைய சகோதரி மகன் பெயரில் 10 சதவீதத்துக்கு மேல் ஏறும் ப்ளினி தி யங்கர் 2005இல் வந்தது. வருஷத்துக்கு ஒரு முறை, இரண்டு வாரம் மட்டும். அதற்கு நிற்கும் வரிசையைப் பார்த்தால் வைகுண்ட ஏகாதசி நினைவுக்கு வரும்.

ஐபிஏவில் உள்ள ‘ஐ’ இந்தியாதானே? நமக்கு ஏதாவது பாத்தியதை உண்டா?

இந்தியாதான். இந்தியா பேல் ஏல் என்பதன் சுருக்கம் ஐபிஏ. லண்டனின் கிழக்கே போ என்ற இடத்தில் ஹாட்ஜ்ஸன் குடும்பத்தின் ஆலை இருந்தது, கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் கிளம்பும் துறைக்குப் பக்கத்தில். கல்கத்தா, மதராஸ், பம்பாய் வெள்ளைக்காரர்களுக்கு அங்கிருந்து பீர் போனது. வெப்பமான ஊருக்குப் போகிற பீரில் ஹாப்ஸைக் கூட்டிப் போடுவது அப்போதே வழக்கம். ஹாப்ஸில் உள்ள அமிலங்கள் பீரைக் கெடுக்கும் சில பாக்டீரியாக்களை அண்டவிடாது. இந்தியாவுக்கென்றே ஹாட்ஜ்ஸன் புதிதாகக் கண்டுபிடித்தார் என்ற கதை பிற்காலத்தில் சேர்ந்தது.

எனக்கு வேடிக்கையாகத் தோன்றுவது வேறு. அந்தப் பீர் பீப்பாயில் நான்கு முதல் ஆறு மாதம் கடலில் ஆடி, நிலநடுக்கோட்டை இரண்டு முறை தாண்டி வந்து, அதனாலேயே ருசி கூடியது என்று பேர் வாங்கியது. அதன் பேரன் முறையான டபுள் ஐபிஏ, கடை அலமாரியில் இரண்டு மாதம் வெயில் பட்டாலே சீரழிந்துவிடுகிறது.

ஊரிலும் 8 சதவீத ‘ஸ்ட்ராங்’ கிடைக்கிறதே. அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

போதையின் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை, மற்ற எல்லாவற்றிலும் உண்டு. நம் ஊர் ஸ்ட்ராங் பெரும்பாலும் குளிர்ச்சியில் புளிக்கவைக்கும் லாகர் வகை, ஹாப்ஸ் பேருக்குத்தான். பல்லைக் கூசவைக்கும் குளிரில் வேகமாக உள்ளே போக வேண்டும் என்பதே அதன் அமைப்பு. குளிர் இறங்கினால் ஆல்கஹாலின் காட்டமும் ஒட்டும் தித்திப்பும் மேலே வந்துவிடும். டபுள் ஐபிஏவை அந்த மாதிரி ஐஸ் குளிரில் கொடுத்தால் காசு தண்டம். அதே மாதிரி, ஸ்ட்ராங்கை மடமடவென்று குடித்துப் பழகியவர் இதையும் அப்படிக் குடித்தால் வாயெல்லாம் கசப்பு என்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது.

லேபிளில் ஐபியு 100 என்று போட்டிருக்கிறது. 50 உள்ளதைவிட இரண்டு மடங்கு கசக்குமா?

கசக்காது. ஒரு ஐபியு என்பது ஏறக்குறைய ஒரு லிட்டரில் ஒரு மில்லிகிராம் ஐஸோ ஆல்ஃபா அமிலம். ஹாப்ஸ் பூவுக்குள் மஞ்சள் மகரந்தம் மாதிரி லுபுலின் என்ற தூள் இருக்கும். அதில் உள்ள ஆல்ஃபா அமிலம் கொதியில் உருமாறித்தான் கசப்பு பீரில் இறங்குகிறது. எவ்வளவு போட்டாலும் ஓரளவுக்கு மேல் கரையாது. 100ஐத் தாண்டிப் போடும் எண்களில் பல, காய்ச்சியவரின் கணக்கு நோட்டில் மட்டும் இருப்பவை.

அப்படியே கரைந்தாலும் நாக்கு அந்த எண்ணைத் தனியாகப் படிப்பதில்லை. 70 ஐபியு உள்ள இம்பீரியல் ஸ்டவுட் என்ற கருப்புப் பீர் அந்த அளவுக்குக் கசப்பாகத் தெரியாது, மால்ட்டின் கனம் அதைத் தாங்கிவிடும். அதே 70 ஒல்லியான வெளிர் பீரில் வந்தால் கஷாயம். பாகற்காய்க் குழம்பில் வெல்லமும் புளியும் செய்கிற வேலைதான் இதுவும். அந்த எண்ணை நான் பார்ப்பதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது.

கிளாஸ், குளிர், எவ்வளவு ஊற்றுவது?

வயிறு பெருத்து வாய் குறுகிய துலிப் கிளாஸ் இருந்தால் நல்லது. வீட்டில் ஒயின் கிளாஸ் இருந்தாலே போதும். சோப்பு வாசமும் எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கக் கூடாது. பீர் ஊற்றியதும் கிளாஸின் உள்பக்கத்தில் குமிழிகள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு நின்றால் அது சுத்தமில்லை. ஃபிரீஸரில் வைத்த கிளாஸ் வேண்டவே வேண்டாம்.

குளிர் 7 முதல் 12 டிகிரி செல்சியஸ். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிஷம் மேஜையில் வையுங்கள். ருசி பார்க்க ஒருவருக்கு 100 முதல் 150 மில்லி. கிளாஸைச் சாய்த்துப் பூப்போல ஊற்ற வேண்டியதில்லை. நடுவில் தைரியமாக ஊற்றி இரண்டு விரல் நுரை எழட்டும். வாசம் ஏறி வரும் ஏணியே அந்த நுரைதான்.

சரி, ஊற்றியாச்சு. அடுத்து?

உடனே மோந்து பாருங்கள். நிறத்தைப் பார்ப்பது, படம் எடுப்பது எல்லாம் பிறகு. ஹாப்ஸின் வாசனை எண்ணெய்களில் முதலில் பறப்பவை முதல் அரை நிமிஷத்திலேயே கிளம்பிவிடும். நாய் மோப்பம் பிடிக்கிற மாதிரி குட்டிக்குட்டியாக இரண்டு மூன்று இழுப்பு, பிறகு கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டு சாதாரணக் காற்று. மறுபடி ஒரு நீளமான இழுப்பு. முதல் இழுப்பில் தோன்றியதைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லாமல் எழுதிக்கொள்ளுங்கள். யாராவது ஒருவர் ‘அன்னாசி’ என்று சொல்லிவிட்டால் மேஜையில் எல்லோருக்கும் அன்னாசிதான் வரும்.

அடுத்து கண். நிறம் வெளிர் தங்கத்திலிருந்து இளஞ்செம்பு வரை. நுரை வெள்ளையாக, சீக்கிரம் கலையாமல், கிளாஸில் கோலம் போட்டுக்கொண்டு இறங்க வேண்டும்.

பிறகு வாய். முதல் மடக்கை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. அது வாயைப் பழக்க. இரண்டாவது மடக்கை நாக்கு முழுக்கப் பரவவிட்டு விழுங்குங்கள். கசப்பு நாக்கின் பின்பக்கம் மட்டும் தெரியும் என்று பள்ளிக்கூடப் படத்தில் பார்த்ததை மறந்துவிடுங்கள். கசப்பை அறியும் சுமார் 25 வகை ஏற்பிகள் நமக்கு உண்டு, அவை அந்தப் படத்தில் போல ஒரு மூலையில் ஒதுங்கி இருப்பதில்லை. விழுங்கியதும் வாயை மூடி மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். நாம் ருசி என்று சொல்வதில் பாதி, தொண்டைக்குப் பின்னாலிருந்து மூக்குக்கு ஏறும் இந்த வாசம்தான்.

இப்போது எதுவும் செய்யாமல் அரை நிமிஷம் இருங்கள். இந்த அரை நிமிஷத்தை விட்டுவிட்டுப் பேசுகிறவர்கள்தான் அதிகம். கசப்பு எப்போது ஏறுகிறது, எங்கே நிற்கிறது, எப்படி இறங்குகிறது என்பதெல்லாம் இங்கேதான் தெரியும். நல்ல டபுள் ஐபிஏவில் கசப்பு நேராக ஏறி, சுத்தமாக இறங்கி, வாயைக் காயவைத்துவிட்டுப் போகும். கை தானாக அடுத்த மடக்குக்கு நீளும். இதற்காகவே ப்ளினியில் மால்ட்டோடு கொஞ்சம் டெக்ஸ்ட்ரோஸ் சர்க்கரையும் சேர்க்கிறார்கள். ஈஸ்ட் அதை முழுசாகத் தின்றுவிடுவதால் ஆல்கஹால் ஏறுமே தவிரத் தித்திப்பு மிஞ்சாது. சர்க்கரை போட்டால் தித்திப்பு குறையும் என்று சொன்னால் என் மாமியார் நம்ப மறுக்கிறார்.

கடைசியாக, கால் கிளாஸை மிச்சம் வைத்து, ஒரு இருபது நிமிஷம் கழித்து வாருங்கள். குளிர் மறைத்துவைத்த குறையெல்லாம் அப்போது வெளியே நிற்கும்.

அமெரிக்கர்கள் ‘பைன்’, ‘கிரேப்ஃப்ரூட்’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அப்படி எதுவும் தோன்றவில்லையே?

தோன்றாது. நான் திண்டுக்கல் பக்கம் வளர்ந்தவன். கிரேப்ஃப்ரூட்டை முதல் முறை பார்த்தபோது எனக்கு முப்பது வயது. வாசத்துக்குப் பெயர் நினைவிலிருந்துதான் வரும், இரவல் வாங்க முடியாது. மதிப்பெண் தாளில் கடன் வாங்கிய சொற்களை எழுதிக்கொண்டிருந்தவரை என் குறிப்புகள் எல்லாப் பீருக்கும் ஒன்றுபோலவே இருந்தன.

ஒரு தடவை மச்சினன் ஊரிலிருந்து வந்திருந்தான். ப்ளினியை ஊற்றிக் கொடுத்தேன். மோந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கினான்.

“என்ன மச்சான், மாங்காய்க் காம்பைக் கிள்ளின மாதிரி வாசம் அடிக்குது?”

“பழமா காயா, நல்லாப் பாரு மாப்ள.”

“பழம் இல்ல. காம்புல பால் வடியுமே, அது. கையில பட்டா புண்ணாகுமே, அந்த வாசம்.”

பதினைந்து வருஷம் பீர் குடித்த அமெரிக்கர் ஒருவர்கூட இவ்வளவு துல்லியமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அது வெறும் உவமையும் இல்லை. ஹாப்ஸ் எண்ணெயில் முக்கியமான மைர்சீன் என்ற பொருள் மாங்காயிலும் இருக்கிறது. அன்றிலிருந்து நானும் என் சொற்களுக்குத் திரும்பிவிட்டேன். கிரேப்ஃப்ரூட் என்பதற்குப் பம்பளிமாஸ் தோல். ரெஸின் என்பதற்குக் குங்கிலியம். பைனுக்கு மழை பெய்த மறுநாள் கொடைக்கானல். நாரத்தை இலையைக் கசக்கின வாசம் சென்டென்னியல் ஹாப்ஸில் எனக்கு அடிக்கடி வருகிறது. சிட்ரா ஹாப்ஸ் போட்ட பீர்களில் காயின் வாசம் போய்ப் பழுத்த மாம்பழமும் கொய்யாவும் வந்துவிடும்.

அசிங்கமான வாசங்களையும் கூச்சப்படாமல் எழுதுங்கள். சிம்கோ ஹாப்ஸில் சில நேரம் பூனை மூத்திர வாடை வரும். கந்தகம் கலந்த ஒரு பொருளின் வேலை அது, கொஞ்சமாக இருந்தால் பழவாசம், மிஞ்சினால் பூனை. தாமதமாகப் பறித்த ஹாப்ஸில் வெங்காயம், பூண்டு. பழைய ஹாப்ஸில் சீஸ், அல்லது நான்கு நாள் போட்ட சாக்ஸ்.

கசப்பு பிடிக்கவில்லை என்று சொன்னால் “உனக்குப் பழக்கம் போதாது” என்கிறார்கள். உண்மையா?

பாதி உண்மை. மீதிப் பாதியில் தப்பு பீரின் மேல் இருக்கலாம். இங்கே நமக்குத் தமிழில் ஒரு வசதி இருக்கிறது. கசப்பு, துவர்ப்பு, காறல் மூன்றுக்கும் தனித்தனிச் சொல் உண்டு, சமையலறையிலேயே கற்றுக்கொண்டும் விடுகிறோம். ஆங்கிலத்தில் பேசுகிறவர்கள் இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதைப் போட்டி மேஜைகளில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கசப்பு என்பது வேப்பம்பூ ரசம், சுண்டைக்காய். நாக்கில் வந்து போகும். டபுள் ஐபிஏவில் இது இருக்க வேண்டியது. துவர்ப்பு என்பது வாழைப்பூ, பாக்கு, தேயிலையை ரொம்ப நேரம் கொதிக்கவிட்ட டீ. நாக்கை இழுத்துப் பிடிக்கும், ஈறு காய்ந்த மாதிரி இருக்கும். ஹாப்ஸ் இலையின் பாலிஃபீனால்கள் அதிகமாக இறங்கினால் இது வரும். கொஞ்சம் பரவாயில்லை, அதிகமானால் மதிப்பெண் குறையும். காறல் என்பது சரியாக வேகாத கருணைக்கிழங்கு. தொண்டையில் முள்ளாகக் குத்தும். ஆலையிலிருந்து அவசரமாக அனுப்பிய கலங்கல் ஐபிஏக்களில், ஹாப்ஸ் துகள் இன்னும் அடியில் தங்காமல் மிதக்கும்போது இந்தக் காறல் வரும். ஃபிரிட்ஜில் ஒரு வாரம் அசைக்காமல் வைத்தால் பெரும்பாலும் தணிந்துவிடும்.

ஆகவே “பிடிக்கவில்லை” என்று நிறுத்தாமல், மூன்றில் எது என்று பாருங்கள். கசப்பு என்றால் பழகலாம், பழகாமலும் விடலாம். காறல் என்றால் பழகுவதற்கு ஒன்றுமில்லை.

ஒயின் ருசிப்பவர்கள் மாதிரி துப்பிவிடலாமா?

பீர் நடுவர்கள் பொதுவாக விழுங்குவார்கள். இறங்கும்போதும் இறங்கிய பின்னும் தெரிவதுதான் இந்தப் பீரில் பாதிக் கதை. அதனால்தான் அளவைச் சுருக்குகிறோம்.

கலங்கலாக இருக்கிறதே, கெட்டுப்போனதா?

எந்தப் பள்ளியைச் சேர்ந்தது என்று பாருங்கள். அமெரிக்க மேற்குக் கரை வகை தெளிவாக, காய்ந்த முடிவோடு, கசப்பை மறைக்காமல் இருக்கும். வெர்மாண்ட் மாநிலத்தில் ஜான் கிம்மிக் நடத்தும் தி ஆல்கெமிஸ்ட் ஆலையின் ஹெடி டாப்பர் (இதுவும் 8 சதவீதம்தான்) வந்த வழி வேறு. கலங்கல், மெத்தென்ற வாய்க்கட்டு (வாயில் தெரியும் கனம்), பழச்சாறு போன்ற வாசம். அதன் கேனில் ‘கேனிலிருந்தே குடி’ என்று எழுதியிருக்கும். மூக்குக்கு வேலை வேண்டும் என்கிற என்னைப் போன்ற ஆளுக்கு அது ஒப்பாது, நான் கிளாஸில்தான் ஊற்றுகிறேன். ஒன்றை வைத்து மற்றதை அளக்காதீர்கள். இட்லியில் தோசையின் முறுகல் இல்லை என்று மார்க் குறைக்க முடியாது. கலங்கல் வகை சாம்பல் பூத்தோ பழுப்பாகவோ இருந்தால் மட்டும் கவலைப்படுங்கள். காற்று புகுந்துவிட்டது.

எவ்வளவு நாளைக்குள் குடிக்க வேண்டும்? இவ்வளவு ஆல்கஹால் இருக்கிறதே, கெடாதுதானே?

வயிற்றைக் கெடுக்காது. பீராக இருப்பது கெட்டுவிடும். இந்த விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன்.

அதே மச்சினன் வந்திருந்த வாரம். ஆலையிலிருந்து நானே வாங்கிவந்த பாட்டில் ஒன்று, லேபிளில் அடைத்த தேதி போட்டிருந்தது, ஒன்பது நாள் ஆகியிருந்தது. எங்கள் ஊர்க் கடை ஒன்றில் அவசரத்துக்கு வாங்கிய பாட்டில் இன்னொன்று. ஜன்னல் ஓரத்து அலமாரியில், ஏசி படாத மூலையில் நின்றது. தேதியைப் பார்க்காமல் காசு கொடுத்தேன். வீட்டில் வந்து பார்த்தால் ஏறக்குறைய ஏழு மாதம். சரி, தூக்கிப்போடாமல் பாடமாக்கிக்கொள்வோம் என்று ஒரே மாதிரி இரண்டு கிளாஸில் ஊற்றினேன்.

புதியது வெளிர் தங்கம். மாங்காய்க் காம்பு, பம்பளிமாஸ் தோல், பின்னால் மெல்லிய குங்கிலியம். பழையது ஒரு சாயல் கருத்திருந்தது. மோந்தால் வெல்லப்பாகு, பழைய தேன். வாயில் விட்டால் முதலில் தித்திப்பு, அதன் மேல் ஒட்டாமல் தனியாக நிற்கும் ஒரு முரட்டுக் கசப்பு, முடிவில் மழையில் நனைந்த அட்டைப்பெட்டி. வாசம் முதலில் போய்விடும், கசப்பு கடைசிவரை நிற்கும். கல்யாண வீட்டில் பூவெல்லாம் வாடிய பிறகு பந்தல் கால் மட்டும் நிற்பது மாதிரி. மச்சினன் இரண்டையும் மாற்றி மாற்றிக் குடித்துவிட்டுக் கேட்டான்: “இது ரெண்டும் ஒரே பீருன்னு சத்தியம் பண்ணுவீங்களா மச்சான்?”

ஆகவே முதலில் தேதி. என் கணக்கில், ஃபிரிட்ஜில் இருந்தால் ஆறு வாரம் வரை சந்தோஷம், மூன்று மாதம் வரை சமாளிப்பு. தேதியே போடாத பாட்டிலை நான் தொடுவதில்லை. ஸ்டோன் என்ற கலிஃபோர்னிய ஆலை ‘இந்தத் தேதிக்குள் குடி’ என்பதையே ஒரு டபுள் ஐபிஏவுக்குப் பெயராக வைத்து, அடைத்ததிலிருந்து சுமார் 35 நாள் கெடு கொடுத்தது. பீர்க்காரர்கள் ‘3-30-300’ என்று ஒரு கைக்கணக்கு சொல்வார்கள். 32 டிகிரியில் மூன்று நாளில் கெடுவது, 22 டிகிரியில் முப்பது நாளில் கெடும், 3 டிகிரியில் முந்நூறு நாள் ஆகும். டபுள் ஐபிஏவுக்கு அந்த முந்நூறு ரொம்பத் தாராளம். ஆனால் டிக்கியில் மூன்று நாள் கிடந்த பெட்டி என்ன ஆகியிருக்கும் என்று புரியவைக்க இந்தக் கணக்கு போதும்.

வேறு என்னென்ன குறைகளைத் தேட வேண்டும்?

வெயில் அடித்த வாடை ஒன்று. ஹாப்ஸின் கசப்புப் பொருளை ஒளி உடைத்து, ஸ்கங்க் என்ற பிராணி பீய்ச்சும் நாற்றத்துக்கு நெருங்கிய சொந்தமான ஒரு கந்தகப் பொருளை உண்டாக்கும். நேர் வெயிலில் சில நிமிஷமே போதும். பழுப்பு பாட்டில் ஓரளவு காக்கும், பச்சையும் வெள்ளையும் காக்காது, கேன் முழுக்கக் காக்கும். வெளியே மேஜையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது கிளாஸிலேயே இது நடக்கும், சோதித்துப் பாருங்கள்.

வெண்ணெய் உருக்கின வாசமும் நாக்கில் வழவழப்பும் டைஅசிட்டில். ஹாப்ஸில் இருக்கும் என்ஸைம் மிஞ்சிய மாவுச்சர்க்கரையை உடைத்து ஈஸ்ட்டை மறுபடி வேலைக்கு எழுப்பிவிட்டால், ட்ரை ஹாப் (கொதியில் போடாமல் பிறகு போடும் ஹாப்ஸ்) நிறையப் போட்ட பீர்களில் இது தலைகாட்டும். பச்சை ஆப்பிள் என்றால் பொறுமையில்லாமல் இறக்கிவிட்டார்கள். அவித்த மக்காச்சோளம் என்றால் கொதி போதவில்லை. தொண்டையைச் சாராயம் மாதிரி சுட்டால், ஈஸ்ட்டை அதிகச் சூட்டில் வேலை வாங்கியிருக்கிறார்கள். 8 சதவீதம் நெஞ்சில் இதமாகத் தெரியலாம், எரியக் கூடாது.

கமர்கட் மாதிரி தித்திப்பு தூக்கலாக இருப்பதை நடுவர்களில் சிலர் மன்னிப்பார்கள். நான் மன்னிப்பதில்லை. கனமான கேரமல் மால்ட்டைக் கொட்டி ஹாப்ஸை அதன் மேல் ஏற்றுவது பார்லிவைன் என்ற வேறு வகைக்குப் போகிற பாதை.

மதிப்பெண் எப்படிப் போடுவது?

பிஜேசிபி தாளில் மொத்தம் 50. வாசத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, ருசிக்கு 20, வாய்க்கட்டுக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. தோற்றத்துக்கு எவ்வளவு கொஞ்சம் என்று கவனியுங்கள். 38க்கு மேல் போனால் மிகச் சிறப்பு, 45க்கு மேல் அபூர்வம். நான் போட்டதில் 45ஐத் தொட்டது விரல்விட்டு எண்ணக்கூடியவைதான்.

எண்ணைவிடக் குறிப்பு முக்கியம். ‘நன்றாக இருக்கிறது’ என்று எழுதினால் காய்ச்சியவருக்குப் பிரயோஜனமில்லை. ‘நாரத்தை வாசம் தூக்கல், முடிவில் தித்திப்பு தங்குகிறது, இன்னும் காய வேண்டும்’ என்று எழுதினால் அடுத்த முறை என்ன மாற்றுவது என்று அவருக்குத் தெரியும்.

பேர் பெற்ற பீர் என்றால் நல்ல பீர்தானே?

ப்ளினி, அமெரிக்க வீட்டுப் பீர்க்காரர்களின் பத்திரிகையான ஸைமர்ஜி நடத்திய வாசகர் வாக்கெடுப்பில் 2009 முதல் 2016 வரை எட்டு வருஷம் முதலிடம். நல்ல பீர்தான். ஆனால் பெயர் தெரிந்து குடிப்பதும் தெரியாமல் குடிப்பதும் ஒன்றில்லை. மூன்று கிளாஸ் வையுங்கள், இரண்டில் ஒரு பீர், ஒன்றில் வேறு பீர், வேறாக இருப்பது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். என் மனைவி எனக்கு இந்தப் பரீட்சை வைத்தாள். நான்கு முறையில் இரண்டு முறை தோற்றேன். அதிலும் ஒரு தடவை, அந்த விலைக்கு மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத பீரை ப்ளினி என்று அடித்துச் சொன்னேன். வீட்டில் இன்னும் அது பேச்சு.

ஒரே நேரத்தில் எத்தனை ருசிக்கலாம்?

மூன்று, மிஞ்சினால் நான்கு. அதற்கு மேல் நாக்கு மரத்துவிடும், எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். குறைந்த கசப்பிலிருந்து கூடிய கசப்புக்குப் போங்கள். இடையில் தண்ணீர், உப்பில்லாத ரொட்டி. ருசிப்பதற்கு முன் காபி, ஊறுகாய், வெற்றிலைபாக்கு கூடாது.

ஆல்கஹாலையும் கணக்கில் வையுங்கள். 510 மில்லி ப்ளினி பாட்டிலில் சுமார் 32 கிராம் ஆல்கஹால். அமெரிக்கக் கணக்கில் ஒரு ‘டிரிங்க்’ 14 கிராம், அதாவது ஒரே பாட்டிலில் இரண்டேகால். வறண்டு இறங்குவதால் இது தெரியாது, எழுந்து நிற்கும்போது தெரியும். எங்கள் வீட்டில் ஒரு பாட்டிலை நாலு பேர் பகிர்வோம், கார்ச் சாவி முதலிலேயே என் மனைவியின் கைக்குப் போய்விடும். குடிக்காதவர் இதற்காகக் குடிக்கத் தொடங்க வேண்டியதில்லை. வாசத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கிளாஸைத் திருப்பித் தரும் நண்பர் ஒருவர் இருக்கிறார், எங்கள் கூட்டத்தில் கெட்டிக்கார மூக்கு அவருடையது.

கூட என்ன சாப்பிடலாம்?

காரத்தைத் தள்ளி வையுங்கள். கசப்பும் ஆல்கஹாலும் மிளகாயின் எரிச்சலை ஏற்றிவிடும். கொழுப்பு, உப்பு, தித்திப்பு பொருந்தும். இங்கே கேரட் கேக் கொடுப்பார்கள். நான் கேரட் அல்வா வைத்துப் பார்த்தேன், நெய்யைக் கசப்பு வெட்டிக்கொண்டு போகிறது, கேக்கைவிட நன்றாகவே இருந்தது. காரம் போடாத நெத்திலி வறுவலும் சரி.

பாட்டிலில் மீந்ததை என்ன செய்வது?

மூடி ஃபிரிட்ஜில் வைத்தாலும் மறுநாள் வாசம் இருக்காது. வீணாகிறதே என்று ஒரு தடவை கறிக் குழம்பில் ஊற்றி வற்றவைத்தேன். தண்ணீர் போய்க் கசப்பு மட்டும் குழம்பில் நின்றது. வெங்காய பஜ்ஜி மாவில் அரை டம்ளர் வரை தாங்கும். அதற்கு மேல் ஊற்றினால் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.